குரங்குத் தீவுக்குத் திரும்பிய வழி

கட்டளைகளை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்து, இயந்திரத்துக்குப் புரியும் சொல் எதுவென்று ஊகித்துச் சலித்துப்போன ஆட்டக்காரர்களுக்கு விமோசனம் அளிப்பதுபோல், திரையின் அடியில் ‘எடு’, ‘திற’, ‘தள்ளு’ என்று நின்ற வினைச்சொற்களில் ஒன்றையும் மேலுள்ள சித்திரத்தில் ஒரு பொருளையும் சுட்டினாலே கதை நகரும் முறையை, 1987-இல் ‘மேனியாக் மேன்ஷன்’ விளையாட்டுக்காக அமெரிக்காவின் லூகாஸ்ஃபிலிம் கேம்ஸில் ரான் கில்பர்ட்டும் சகாக்களும் அமைத்தார்கள்.

ஆட்டக்காரரை அடிக்கடி மரணத்தில் தள்ளித் தண்டிக்கும் வழக்கத்தைக் கில்பர்ட் வெறுத்தார். ஆகவேதான் 1990-இல் வந்த ‘தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்’டில், பத்து நிமிஷம் மூச்சடக்க வல்லவன் என்று சொல்லிக்கொள்ளும் நாயகன் கைப்ரஷ், கடலடியில் கட்டுண்டு கிடக்கையில் நாம் மெய்யாகவே பத்து நிமிஷம் வாளாவிருந்தால் மட்டுமே உயிர் துறக்கிறான். ஆட்டக்காரரின் நிதானத்தை இவ்வளவு மதித்த விளையாட்டை நான் வேறு கண்டதில்லை.

தொண்ணூறுகளின் இறுதியில், முப்பரிமாண ஆட்டங்களின் மோகத்தினிடையே, சுட்டிக் கதை நகர்த்தும் இக்கலை க்ஷீணித்தது. 2001-இல் தன்னார்வலர்கள் தொடங்கிய ‘ஸ்கம்விஎம்’ என்ற மென்பொருள் இந்தப் பழைய ஆட்டங்களைப் புதுக் கணினிகளில் இயங்கவைத்தது. 2012-இல் டபுள் ஃபைன் நிறுவனம் இவ்வகைப் புது ஆட்டமொன்றுக்காகக் கூட்டுநிதித் தளமான கிக்ஸ்டார்ட்டரில் 4 லட்சம் டாலர் கேட்க, ரசிகர்கள் 33 லட்சத்துக்கு மேல் கொடுத்தார்கள். 2022-இல் கில்பர்ட்டே, பழைய சகா டேவ் கிராஸ்மனுடன், ‘ரிட்டர்ன் டு மங்கி ஐலண்ட்’டைச் செய்தளித்தார். அதில் அந்த வினைச்சொல் வரிசை இல்லை.