கடன் கேட்காத நாள்

வெல்லத்துக்குப் பேர்போன நெய்க்காரப்பட்டியில் ஒரு மண்டிச் சுவரிலோ டீக்கடையிலோ தொங்கும் தினசரி காலண்டரைப் பாருங்கள். இரண்டு விதமான விடுமுறைகள் அதில் அச்சாகியிருக்கும். தேதி சிவப்பில் இருந்தால் அரசு விடுமுறை. அதே தாளின் அடியில் பொடி எழுத்தில் கரிநாள், அஷ்டமி, நவமி, சுபமுகூர்த்தம் என்று இன்னொரு கணக்கு ஓடும். சிவப்புத் தேதியன்று வங்கி திறக்காது; அஷ்டமியன்று புதுக்கணக்குப் போட மாட்டார்கள். முன்னதற்கு அரசிதழ் சாட்சி, பின்னதற்கு ஊர்வழக்கம் சாட்சி. பொது விடுமுறை என்பது பண்டிகையை மதித்து அரசு கொடுக்கும் நாள் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். சட்டத்தைப் புரட்டினால் வேறு கதை தெரிகிறது. அது கடன் சட்டத்தின் வயிற்றில் பிறந்த பிள்ளை. பிறந்த இடத்துக் குணம் இன்றுவரை அதை விட்டுப் போகவில்லை என்பதே என் வாதம்.

அந்தச் சட்டத்தின் பெயர் செலாவணி முறிச் சட்டம், 1881. காசோலை திரும்பினால் வழக்குப் போடுகிறார்களே, அதே சட்டம்தான். அந்த வழக்குக்கான 138ஆம் பிரிவு அதில் 1988இல்தான் சேர்ந்தது. ஆனால் ஆண்டுதோறும் தமிழ்நாடு அரசு வெளியிடும் விடுமுறைப் பட்டியலுக்கு வேர் 25ஆம் பிரிவில், 1881இலேயே இருக்கிறது. முதலில் எழுதியபோது பொது விடுமுறை என்று அது பெயர் சொல்லிக் குறித்தவை ஞாயிற்றுக்கிழமைகள், ஆங்கிலப் புத்தாண்டு, கிறிஸ்துமஸ், புனித வெள்ளி ஆகியவை மட்டுமே. பொங்கலும் தீபாவளியும் ரம்ஜானும் ‘உள்ளூர் அரசு அறிவிக்கும் வேறு எந்த நாளும்’ என்ற வால் வழியாகத்தான் உள்ளே வர முடிந்தது. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. இங்கிலாந்தில் ஜான் லப்பக் கொண்டுவந்த வங்கி விடுமுறைச் சட்டம் நிறைவேறியது 1871இல். பத்தாண்டு கழித்து இங்கே வந்த சட்டமும் அந்த ஊர்க் காலண்டரைக் கையோடு கொண்டுவந்தது. பெயர் சொன்ன அந்தப் பட்டியலைப் பிறகு 1955ஆம் ஆண்டுத் திருத்தம் எடுத்தது. 1957 ஜூன் 8ஆம் தேதி உள்துறை அமைச்சக அறிவிக்கை மூலம் அறிவிக்கும் அதிகாரம் மாநிலங்களின் கைக்கு வந்தது. அன்று முதல், எந்த நாள் சிவப்பாகும் என்பதைச் சென்னைதான் தீர்மானிக்கிறது.

சட்டத்துக்கு இந்த நாட்கள் எதற்குத் தேவைப்பட்டன? கடன் பத்திரம் முதிரும் தேதியில் வங்கி மூடியிருந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்காக. ஒரு புரோநோட்டின் தவணை 2025 பிப்ரவரி 8ஆம் தேதி என்று வைத்துக்கொள்வோம். சட்டம் தரும் மூன்று நாள் சலுகையைக் கூட்டினால் 11ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை. அன்று தைப்பூசம், பொது விடுமுறை. அப்படியானால் பணத்தை எப்போது கட்ட வேண்டும்? மறுநாள் புதன்கிழமை என்றுதான் யாரும் சொல்வார்கள். 25ஆம் பிரிவு அப்படிச் சொல்லவில்லை. முந்தைய வேலை நாளான திங்கட்கிழமையே கட்டிவிட வேண்டும் என்கிறது. விடுமுறை கடன்காரனுக்கு ஒரு நாள் கூடக் கொடுக்கவில்லை, கையிலிருந்த ஒரு நாளைப் பிடுங்கிக்கொள்கிறது. ஊர்வழக்கத்தின் போக்கு இதற்கு நேர் எதிர். நல்ல நாள் பெரிய நாளில் வாசலில் வந்து நின்று கடன் கேட்பதை நம் ஊர்களில் அநாகரிகம் என்பார்கள். வெள்ளிக்கிழமை காசு வெளியே போகக் கூடாது, விளக்கு வைத்த பிறகு கொடுக்கல் வாங்கல் கூடாது என்பதெல்லாம் அரசிதழில் ஏறாத வங்கி விடுமுறைகள். திண்ணைப் பள்ளிக்கூடங்களில் அமாவாசை, பௌர்ணமி, பிரதமை, அஷ்டமி நாட்களில் விடுமுறை விட்டு அதை ‘வாவு’ என்றார்கள். உவா என்ற பழைய சொல்லின் மருவு அது. ஊரின் ஓய்வு நிலவைப் பார்த்து வந்தது, சட்டத்தின் ஓய்வு தவணையைப் பார்த்து வந்தது.

நெய்க்காரப்பட்டியிலிருந்து பார்க்கும்போது இந்த வேறுபாடு வெறும் சட்ட நுணுக்கமாக இருப்பதில்லை. ஊருக்குக் கிழக்கே கூப்பிடு தூரத்தில் பழனி. தைப்பூசம் உலகத்துக்கே தெரிந்த திருவிழாவானது அந்த மலையால்தான். அதைக் கடல் தாண்டிக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர்கள், தைப்பூசத்துக்குப் பழனிக்குக் காவடியோடு நடந்துவந்த நகரத்தார்கள். அவர்கள் பர்மாவிலும் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வட்டித்தொழில் செய்தவர்கள். உண்டியல் எழுதிப் பணம் அனுப்பியவர்கள். இந்திய மொழிகளில் எழுதிய அந்த உண்டியல்களை 1881ஆம் ஆண்டுச் சட்டம்கூடத் தொடாமல் உள்ளூர் வழக்கத்துக்கே விட்டுவைத்தது. பழனியாண்டவர் பெயரிலேயே சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் 1859இல் தண்டாயுதபாணி கோயில் கட்டினார்கள். சிங்கப்பூரில் 1968 வரை தைப்பூசம் பொது விடுமுறை. மலேசியாவில் பினாங்கு, பேராக், சிலாங்கூர் மாநிலங்களில் விடுமுறை. கோலாலம்பூருக்கும் 2008இல் வந்தது. மொரீஷியஸிலும் உண்டு. தமிழ்நாட்டில்? 2021 ஜனவரியில்தான் அரசாணை வந்தது. மலையடிவாரத்து வங்கிக் கிளை தைப்பூசத்துக்கு மூடுவதற்கு, சிங்கப்பூரில் அந்த விடுமுறை போய் ஐம்பது வருடத்துக்கு மேல் ஆக வேண்டியிருந்தது. பட்டியலில் எது ஏறும் என்பதைத் தீர்மானித்தது பக்தர் கூட்டத்தின் அளவாக இருந்திருந்தால் இவ்வளவு தாமதம் நடந்திருக்காது. 2008இல் தமிழ்ப் புத்தாண்டைத் தை முதல் நாளுக்கு மாற்றிச் சட்டம் இயற்றியதும், 2011இல் அதை நீக்கியதும் இதே கதையின் இன்னொரு பக்கம். காலண்டரின் சிவப்பு மை கோட்டையிலிருந்துதான் வருகிறது.

பட்டியலில் ஏறாத நாட்களின் கதிதான் எனக்கு உறுத்துகிறது. கொடுமுடிக் காவிரித் தீர்த்தத்தைக் காவடியாகக் கட்டிக்கொண்டு கொங்கு மக்கள் பழனிக்கு வரும் பங்குனி உத்திரம் மாநிலப் பட்டியலில் இல்லை. மதுரையில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளும், திருவரங்கத்து வைகுண்ட ஏகாதசியும் இல்லை. இப்படிப்பட்ட நாட்களுக்கு மாவட்ட ஆட்சியர் ‘உள்ளூர் விடுமுறை’ அறிவிப்பார். அந்த அறிவிப்புகளில் மாறாத ஒரு வாசகம் உண்டு: இந்த விடுமுறை செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வராது, எனவே கருவூலங்கள் குறிப்பிட்ட பணியாளர்களோடு இயங்கும். ஈடாக ஒரு சனிக்கிழமை வேலை நாளாகும். பள்ளிக்கூடம் பூட்டும், வங்கி திறந்திருக்கும். ஊருக்கு அது விடுமுறை, கடனுக்கு அது வேலை நாள். அன்று வேலைக்குப் போகும் காசாளரும் அதே ஊரில் குடியிருப்பவர்தான்.

இந்த உள்ளூர் நாட்களும் அந்தச் சட்டத்தின் கீழ் வர வேண்டும் என்றால், பதில் சொல்பவர்கள் முதலில் எண்ணிக்கையைக் காட்டுவார்கள். 2024ஆம் ஆண்டுப் பட்டியலில் 24 நாட்கள். இன்னும் எத்தனை கேட்பீர்கள்? எண்ணிக்கையைக் கூட்டத் தேவையில்லை. அந்த 24இல் ஒன்றை மாவட்டத்தின் விருப்பத்துக்கு விட்டால் போதும். இதற்கு முன்மாதிரி தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. தொழில் நிறுவனங்களுக்கான 1958ஆம் ஆண்டு தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகியவற்றை எல்லோருக்கும் பொதுவாக வைத்துவிட்டு, மற்ற ஐந்து நாட்களை முதலாளியையும் தொழிலாளரையும் கலந்து பேசித் தீர்மானிக்கச் சொல்கிறது. திண்டுக்கல்லில் ஒரு நூற்பாலை தன் பண்டிகையைத் தேர்வதில் பங்கு பெறலாம், திண்டுக்கல் மாவட்டத்துக்கு அந்த உரிமை இல்லை என்பது என்ன நியாயம்? எல்லோருக்கும் ஒரே நாளாக இருந்தால்தான் சட்டம் செல்லும் என்றும் சொல்ல முடியாது. ஏப்ரல் 1ஆம் தேதி ஆண்டுக் கணக்கு முடிப்புக்காக வங்கிகளுக்கு மட்டும் என்று அதே பட்டியலில் ஒரு நாள் இருக்கிறது. ஒரு தொழிலுக்கென்று தனி நாள் தர முடிகிற அறிவிக்கையால் ஒரு மாவட்டத்துக்கென்றும் தர முடியும்.

மதச்சார்பற்ற அரசு கோயில் திருவிழாவுக்கு ஏன் வங்கியை மூட வேண்டும் என்ற கேள்வி மதிக்கத்தக்கது. ஆனால் உள்ளூர் நாள் சாமி நாளாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மலர்க் கண்காட்சிக்காக நீலகிரியில் உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள். இன்னொரு சாரார், வங்கி மூடினால் இப்போது என்ன குடிமுழுகிவிடும் என்பார்கள். 2019 டிசம்பர் முதல் நெஃப்ட், 2020 டிசம்பர் முதல் ஆர்டிஜிஎஸ் எல்லா நாளும் எல்லா நேரமும் ஓடுகின்றன. கைப்பேசியில் பணம் போகிறது. உண்மைதான். ஆனால் திருவிழாவுக்குப் போட்டுக்கொள்ள வேண்டிய நகை வங்கிப் பெட்டகத்தில் அடகாக இருந்தால் அதைக் கைப்பேசி எடுத்துத் தராது. முந்தைய நாளே போய் வரிசையில் நிற்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள, எந்த நாள் வங்கி இயங்கும் என்ற தெளிவு ஊருக்கு வேண்டும்.

கடைசியாக ஓர் ஆட்சேபம், எல்லாவற்றிலும் கனமானது. கரும்பு வெட்டுகிறவருக்கும் ஆலையில் கொப்பரை முன்னால் நிற்கிறவருக்கும் இந்தப் பட்டியலால் என்ன பயன்? வெட்டிய கரும்பைப் போட்டுவைக்க முடியாது. பிழிந்த சாறு புளிக்கும். அடுப்பு மூட்டிவிட்டால் பாகு பதத்துக்கு வந்து வெல்லமாகும் வரை நகர முடியாது. ஊரெல்லாம் பொங்கல் வைப்பதற்கான வெல்லத்தை மார்கழிக் குளிரில் காய்ச்சுகிறவர்களுக்குச் சிவப்புத் தேதி கூலியோடு கூடிய ஓய்வைத் தருவதில்லை. 1958ஆம் ஆண்டுச் சட்டம் வயலுக்குள் எட்டிப் பார்த்ததும் இல்லை. இந்த ஆட்சேபத்துக்கு என்னிடம் மறுப்பு கிடையாது. கடன் சட்டத்தில் பிறந்த விடுமுறை, பத்திரம் எழுதுகிறவர்களையும் மாதச் சம்பளக்காரர்களையும் மட்டுமே பார்த்தது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. கூலிக்காரருக்கு ஊதியத்தோடு ஓய்வு தர வேறு சட்டம் வேண்டும்; அதை வேளாண் தொழிலாளர் நலத்தின் பக்கமிருந்து கேட்க வேண்டும், கேட்கவும் வேண்டும். ஆட்சியர் அறிவிப்பில் வருடா வருடம் வரும் அந்த ஒரு வாசகத்தை நீக்குவதற்கோ புதுச் சட்டம் தேவையில்லை. 1957இலேயே மாநிலத்தின் கைக்கு வந்துவிட்ட அதிகாரத்தில், அரசிதழில் ஓர் அறிவிக்கை போதும்.