பனிக்கு எடை போட்ட லத்தீன் வாத்தியார்

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் கலிபோர்னியாவிலிருந்து போன் செய்தான். "சார், மே கடைசியில நாலு நாள் லீவு. சியரா நெவாடா மலையில டென்ட் தூக்கிக்கிட்டு நடக்கப் போறோம். இங்க எல்லாம் பூத்துக் கிடக்கு, நல்ல வெயில்" என்றான்.

"மேலே பனி எவ்வளவுடா இருக்கு?"

"அது ஏதோ கவர்மென்ட் சைட்ல போட்டிருப்பாங்க சார், பார்க்கணும்."

அவன் அலட்சியமாகச் சொன்ன அந்தக் கணக்குக்குப் பின்னால் ஒரு வாத்தியார் இருக்கிறார். அறிவியல் வாத்தியார்கூட இல்லை, லத்தீன் வாத்தியார். நானும் மொழி நடத்தியவன் என்பதால் அவர் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. மறைப்பானேன்!

ஜேம்ஸ் எட்வர்ட் சர்ச். 1869இல் மிச்சிகனில் பிறந்தவர். 1892இல் ரீனோ நகரிலுள்ள நெவாடா பல்கலைக்கழகத்துக்கு லத்தீன் கற்பிக்க வந்தார். ஊருக்கு மேற்கே மவுண்ட் ரோஸ் நிற்கிறது. பத்தாயிரத்து எழுநூறு அடிக்கும் மேல் உயரம். குளிர்காலத்தில் அங்கே யாரும் போவதில்லை. இவர் 1895 ஜனவரியில் ஏறினார். அதோடு விடவில்லை. 1905இல் உச்சியில் ஒரு வானிலை ஆய்வுக் குடிலே அமைத்துவிட்டார். வகுப்பு முடித்து, மூட்டை கட்டிக்கொண்டு, பனியில் ஏறி, கருவிகள் பதிந்து வைத்திருப்பதை எடுத்து வருவார்.

ஏறி இறங்கும்போது அவருக்கு ஒரு கேள்வி பிடித்துக்கொண்டது. மலை மேல் கிடக்கும் பனியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது?

ஆழத்தை அளந்தால் போதாதா என்று தோன்றும். போதாது. புதிதாய் விழுந்த பனி பஞ்சு மாதிரி. பத்து அங்குலம் உருகினால் ஒரு அங்குலத் தண்ணீர் கிடைத்தால் பெரிது. அதே பனி குளிர்காலம் முழுக்க அமுங்கி, வசந்தத்தில் நனைந்து இறுகியபின், பத்து அங்குலத்தில் நாலைந்து அங்குலம் தண்ணீர் இருக்கும். எனவே ஆழத்தோடு எடையும் வேண்டும்.

அதற்கு அவர் செய்த கருவி ஒரு உலோகக் குழாய், அவ்வளவுதான். நுனியில் ரம்பம் போலப் பல். பனிக்குள் தரைவரை திருகி இறக்கி, உள்ளே சிக்கிய பனியோடு தூக்கித் தராசில் மாட்ட வேண்டும். குழாய் வாயின் விட்டம் 1.485 அங்குலம். இதென்ன விசித்திரமான அளவு? அந்த விட்டத்தில் ஒரு அங்குல உயரத் தண்ணீரின் எடை சரியாக ஒரு அவுன்ஸ். தராசு இருபது அவுன்ஸ் காட்டினால் இருபது அங்குலத் தண்ணீர். விரைத்த கையோடு மலையில் நின்று பெருக்கல் வகுத்தல் போட வேண்டியதில்லை. இதை முதலில் படித்த அன்று நான் காகிதத்தில் கணக்குப் போட்டுச் சரிபார்த்தேன். சரியாக வந்தது.

ஊர் அவரை மதித்தது தாகோ ஏரித் தகராறில்தான். ஏரி நிரம்பினால் கரையில் வீடு வைத்திருப்பவர்களுக்கு ஆத்திரம். திறந்துவிட்டால் கீழே மின்சாரக் கம்பெனிக்கும் பாசனக்காரர்களுக்கும் ஆத்திரம். மடைச் சண்டை எங்கேயும் ஒன்றுதான் போலிருக்கிறது. கோடையில் ஏரி எவ்வளவு உயரும் என்பதை வசந்தத்திலேயே பனியின் எடையிலிருந்து சர்ச் சொன்னார். வழக்கமான ஆண்டோடு ஒப்பிட்டால் பனிநீர் எத்தனை சதவீதமோ, ஓடிவரும் நீரும் ஏறக்குறைய அத்தனை சதவீதம். இதுதான் அவர் முறை.

1929 முதல் கலிபோர்னியா இதை மாநிலம் முழுவதற்கும் எடுத்துக்கொண்டது. ஏப்ரல் 1தான் அங்கே முக்கியமான நாள், பனிச்சேர்மானம் ஏறக்குறைய உச்சத்தில் இருக்கும் என்பதால். 2015 ஏப்ரல் 1 அன்று பிலிப்ஸ் என்ற அளவிடத்தில் ஆளுநர் வெறும் புல்தரையில் நின்றார். மாநிலம் முழுக்கப் பனிநீர் சராசரியில் 5 சதவீதம்தான். 2023இல் அதே நாளில் சராசரியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஒரே மலை, ஒரே மாதம். 2015இல் போய்வந்தவர் சொன்னதை நம்பி 2023இல் கிளம்பியிருந்தால் என்ன ஆகும்?

இதைத்தான் அவனுக்கு விளக்கினேன். அடிவாரத்துப் பூவைப் பார்த்து நாள் குறிக்காதே. மேலே வடக்குச் சரிவிலும் மர நிழலிலும் பனி வாரக்கணக்கில் பின்தங்கியே உருகும். (காடு பனியை எப்படிக் காக்கிறது என்பதையும் சர்ச் ஆராய்ந்தார்.) விடியலில் பனி கல்லாய் இறுகிக் கிடக்கும். பூட்ஸில் முள்தகடும் கையில் பனிக்கோடரியும் இல்லாமல் சரிவில் கால் வைக்கக் கூடாது. மதியம் அதே பனி இளகி இடுப்புவரை உள்வாங்கும். ஒரு மைல் நடக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும்.

பனியைவிட ஆறு பொல்லாதது. பகல் வெயிலில் உருகிய நீர் மாலையில்தான் ஓடையில் பெருக்கெடுக்கும். கடப்பதானால் அதிகாலையில் கடக்க வேண்டும். அப்போதும் முழங்காலுக்கு மேல் வேகம் தெரிந்தால் திரும்பிவிட வேண்டும். பனி மிகுந்த 2017இல், ஜூலை மாதத்திலேயே, இரண்டு இளம்பெண்கள் தனித்தனிச் சம்பவங்களில் சியராவின் ஓடைகளில் உயிரிழந்தார்கள். இருவரும் நெடுந்தூர நடையில் தேறியவர்கள்.

சர்ச் பிறகு கிரீன்லாந்து போனார். எழுபது வயதுக்கு மேல் நம் நாட்டுக்கும் வந்து இமயத்தில் பனி அளக்க வழிகாட்டினார். 1959இல், தொண்ணூறு வயதில் காலமானார். இன்று பல இடங்களில் ஆளே போகாமல், தரையில் விரித்த 'பனித் தலையணை' மேலே விழும் பாரத்தை உணர்ந்து தினமும் அளவு அனுப்புகிறது. ஆனாலும் அந்தக் குழாயைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் இன்னமும் போகிறார்கள்.

நேற்று இரவு மாணவனிடமிருந்து செய்தி வந்தது. அவர்கள் போகும் பக்கம் பனிநீர் சராசரிக்கு மேல். வழியில் இரண்டு பெரிய ஓடை, பாலம் கிடையாது. பயணத்தை ஜூலைக் கடைசிக்குத் தள்ளிவிட்டார்களாம். அப்போது லீவு கிடைக்குமா என்பதுதான் இப்போது அவன் கவலை.