உப்பும் கருப்பட்டியும்: இருவகைப் பிணைப்பின் வரலாறு

கண்டி இராச்சியத்தின் வரலாற்றில் உப்புக்குத் தனியிடம் உண்டு. மலைநாடாகிய அவ்விராச்சியம் உப்பின் பொருட்டுக் கரையோரத்தை எதிர்பார்த்திருந்தது. 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையாற் கரையோரம் ஒல்லாந்தர் வசமானபோதும், சிலாபம், புத்தளம் ஆகிய இடங்களில் உப்பெடுக்கும் உரிமை கண்டியருக்கு ஒப்புக்கொள்ளப்பட்டமை ஈண்டு நினையத்தக்கது. இனிப்பின் நிலையோ வேறு; கித்துட் கருப்பட்டி மலைச்சாரலிலேயே கிடைத்தது.

உப்பும், கருப்பட்டிக்கு இனிமை தரும் சுக்குரோசும் நீரிற் கரைவன. எனினும் உப்புக் கரைசல் மின்னைக் கடத்தும். தூய சுக்குரோசுக் கரைசல் கடத்துவதில்லை. உப்பு 801 பாகை செல்சியசிலேயே உருகும். சுக்குரோசு 200 பாகையை எட்டுமுன்னரே சிதையத் தொடங்கும். இவ்வேறுபாட்டின் காரணம் யாது?

1875இல் வெளிவந்த, மானிப்பாய் மருத்துவர் கிறீனின் 'கெமிஸ்தம்' இதற்கு விடை கூறியிருத்தல் இயலாது. இலத்திரன் கண்டறியப்பட்டது 1897இலேயாம். கிறீன் மறைந்த 1884ஆம் ஆண்டிலேதான் சுவீடனில் அரேனியசு மின்பகுபொருள்கள் பற்றிய தம் ஆய்வேட்டை அளித்தார். 1916இல் கொசெல் இலத்திரன் இடமாற்றத்தையும், லூயிசு இலத்திரன் சோடியின் பங்கீட்டையும் விளக்கினர். சோடியம் இழந்த இலத்திரனைக் குளோரீன் ஏற்க, எதிரேற்ற அயன்கள் ஒன்றையொன்று கவர்ந்து பளிங்காகின்றன. இஃது அயன் பிணைப்பு. சுக்குரோசிலோ காபன், ஐதரசன், ஒட்சிசன் அணுக்கள் இலத்திரன்களைப் பகிர்ந்து மூலக்கூறாகின்றன. கரையும்போது மூலக்கூறுகள் தம்முள் விலகுமேயன்றி அயன்களாகப் பிரிவதில்லை.

இப்பிணைப்பினைத் தமிழகப் பாடநூல்கள் 'சகப்பிணைப்பு' என்னும்; ஈழத்து மரபு 'பங்கீட்டுவலுப் பிணைப்பு' என்னும். பின்னையது நீண்ட சொல்லேயெனினும், நிகழ்வது பங்கீடு என்பதைத் தானே உணர்த்துவதால் அதனையே நாம் சிறந்ததெனக் கொள்வோம். உயர்தரம் வரை தமிழிற் கற்றுப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்திற்கு மாறும் மாணவனுக்கு, பொருள் விளங்கிய சொல்லே கைகொடுக்கும். மனனஞ் செய்த சொல் மொழி மாறியதும் உதிர்ந்துவிடும்.

ஆயினும் இருவகையும் முற்றிலும் வேறானவை என்று கொள்ளலாகாது. கண்டிக்கு அண்மையில் திகனையில் அகழப்படும் தொலமைற்றுக் கல்லை நோக்குக. கல்சியம், மகனீசியம் அயன்களைக் காபனேற்று அயன்களோடு பிணிப்பது அயன் பிணைப்பு; காபனேற்றினுள்ளே காபனையும் ஒட்சிசனையும் பிணிப்பது பங்கீட்டுவலுப் பிணைப்பு. ஒரு கல்லிலேயே இரண்டும் உள. வகுத்தது கற்றற்பொருட்டு; இயற்கை அவ்வெல்லையிலே நின்றுவிடுவதன்று.