மாலையில் கொடுத்த சொல்

திண்ணைப் பள்ளிகளை வெறும் மனப்பாடக் கூடங்களாகவே நாம் நினைவுகூர்ந்து பழகிவிட்டோம். அந்நினைவில் உண்மை உண்டு. பிரம்பு அங்கே ஓயாது ஆடியது. எல்லாச் சாதியாருக்கும், பெண்பிள்ளைகளுக்கும் அத்திண்ணைகள் திறந்திருக்கவுமில்லை. ஆயினும், 1855இல் பிறந்த உ.வே.சாமிநாதையரின் தலைமுறை பயின்ற அப்பள்ளிகளில், சொல்லை விளையாட்டாக்கிய வழக்கம் ஒன்றும் இருந்தது. மாலையில் பிள்ளைகள் வீடு திரும்புமுன் ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் ஒரு பூவின் பெயரையோ பறவையின் பெயரையோ விலங்கின் பெயரையோ சொல்லி அனுப்புவார். மறுநாட் காலையில் அதனை மறவாது திருப்பிச் சொல்லவேண்டும்.

இவ்வகைப்பாடு தற்செயலானதன்று. மண்டல புருடர் இயற்றிய சூடாமணி நிகண்டின் பன்னிரண்டு தொகுதிகளுள் விலங்கின் பெயர், மரப்பெயர், இடப்பெயர் எனத் தனித்தனித் தொகுதிகள் உள்ளன. பதினோராந் தொகுதி ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களை எதுகை முறையில் அடுக்கிச் செல்கிறது. இன்று நம் வகுப்பறைகளில் சொல்லட்டைகளை இனவாரியாகப் பிரிக்கச் சொல்கிறோமே, அவ்வேலையை நிகண்டு பாட்டாகவே செய்துவைத்தது. (அதனை முழுதும் நெட்டுருச் செய்யப் பிள்ளைகளை இன்று யாரும் வற்புறுத்தமாட்டார், வற்புறுத்தவும் வேண்டா.)

ஆனால் அட்டைக்கும் மாலைச்சொல்லுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அட்டை மணியடித்ததும் பெட்டிக்குள் போய்விடுகிறது. மாலைச்சொல்லோ பிள்ளையுடன் தெருவில் நடந்து வீடு சென்றது. இரவில் நினைவூட்டத் தாயோ பாட்டியோ இருந்தனர். மலாயாத் தோட்டங்களிலும் வீடு அவ்வாறே துணைநின்றது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் உள்ள தோட்டம் பள்ளி அமைக்க வேண்டுமென்றது. அப்பள்ளிகள் பல எளிய கொட்டகைகளே. எனினும் லயத்து வீடுகளில் பேச்சு தமிழாயிருந்தது.

சிங்கப்பூரில் அந்நிலை மாறிவருகிறது. ஐந்து வயதும் அதற்கு மேலுமுள்ள குடியிருப்பாளர்களுள் வீட்டில் தமிழையே மிகுதியாகப் பேசுவோர் 2010இல் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. இந்நிலையில், வகுப்பிலேயே முடிந்துவிடும் விளையாட்டு, எத்துணை மகிழ்ச்சி தந்தாலும், பாதி விளையாட்டே என்பது எம் கருத்து.

‘வேங்கை’ என்னும் ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். அது புலியையும் குறிக்கும். மஞ்சட்பூப் பூக்கும் மரத்தையும் குறிக்கும். பாறைமேல் உதிர்ந்த வேங்கைப்பூவைப் புலிக்குட்டியென மயங்குவது சங்கப் பாடல்களில் வரும் காட்சி. நம் சாலையோரங்களில் நிழல் தரும் அங்சானாவும் வேங்கையின் இனத்ததே. அதன் பூவும் மஞ்சளே. மாலையில் இச்சொல்லை மட்டும் கொடுத்து, வீட்டாரிடம் பொருள் கேட்டு வரச் செய்யலாம். தாத்தா புலி என்பார்; மற்றொரு வீட்டில் மரம் என்பார்; சில வீடுகளில் தெரியாது என்பார். மறுநாள் அவ்விடைகள் மூன்றையும் கரும்பலகையில் எழுதிவிட்டுப் பிள்ளைகளைப் பள்ளி வாயிலுக்கு வெளியே, அங்சானா நிழலுக்கு அழைத்துச் செல்லலாம்.