பிணப்பரிசோதனைப் பதிவேடும் தோட்டத் தமிழரின் இதயமும்: டி. ஜே. தனராஜின் ஆய்வுப் பணியை முன்வைத்து

இதய மருத்துவர் ஒருவரைப் பெரியவர் என்று போற்றும்போது, அவர் கையால் பிழைத்தவர்களையே நாம் கணக்கில் கொள்கிறோம். பல்கலைக்கழகத்தில் கற்பித்து, ஆய்ந்து, எழுதும் இதய மருத்துவருக்கு இந்த அளவுகோல் போதாது. நோய் யாருக்கு வருகிறது, ஏன் அவர்களுக்கு வருகிறது என்று கேட்பதும், அந்தக் கேள்வியைத் தமக்குப் பின் வருவோரிடம் ஒப்படைப்பதும் அவர் பணியின் சாரம். மலாயாவில் அந்தப் பணியைச் செய்த முன்னோடிகளுள் ஒருவர் டி. ஜே. தனராஜ். அவர் 1959இல் எழுப்பிய கேள்வி பிற்காலத்தில் 'இந்தியர்' என்ற ஒற்றைத் தலைப்புக்குள் முடங்கிப்போனது. அதனாலேயே சிரம்பானை அடுத்த கோலா சாவா போன்ற தோட்டப் பகுதிகளுக்கு அதன் பயன் முழுமையாக வந்து சேரவில்லை என்பது இக்கட்டுரையின் வாதம்.

தனராஜ் இன்று நினைவுகூரப்படுவது பெரும்பாலும் நிறுவனர் என்ற முறையில்தான். கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் புலத்தின் முதல் முதல்வர் அவர். அங்கு 1964இல் சேர்ந்த முதல் மாணவர் குழு 1969இல் பட்டம் பெற்று வெளிவந்தது. புலத்தின் நூலகம் அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. ஜப்பானியர் காலத்து மலாயாவில் மருத்துவராக வாழ்ந்த நினைவுகளையும் பிற்காலத்தில் நூலாக எழுதினார். இவை அனைத்தும் போற்றத்தக்கவை. ஆனாலும் இந்த நிறுவனப் புகழ், சிங்கப்பூரில் மருத்துவம் கற்பித்த ஆண்டுகளில் அவர் செய்த ஆய்வை மறைத்துவிட்டது என்றே கருதுகிறேன். யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுவினத்துக்கும் நுரையீரல் ஈசினோபிலியாவுக்கும் உள்ள தொடர்பை நிறுவியவர்களுள் அவரும் ஒருவர். பெருந்தமனியும் சிறுநீரகத் தமனிகளும் அழற்சியால் சுருங்கி, சிறுவர்களுக்குக்கூடக் கடும் ரத்தக் கொதிப்பு உண்டாவதையும் விவரித்து எழுதினார்.

1959இல் அமெரிக்க இதய இதழ் ஒன்றில் தம் கூட்டாளிகளோடு அவர் வெளியிட்ட கட்டுரையே நமக்கு இங்கு முக்கியம். சிங்கப்பூரில் 1950க்கும் 1954க்கும் இடையே செய்யப்பட்ட ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பிணப்பரிசோதனைகளின் பதிவுகளை அவர்கள் இனவாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். இதயத் தமனி நோயால் இறந்தவர்களின் விகிதம் சீனரைவிட இந்தியரிடம் பல மடங்கு கூடுதலாக இருந்தது. மாரடைப்பு மேல்நாட்டாரின் நோய், வசதி படைத்தவர்களின் நோய் என்று கருதப்பட்ட காலம் அது. மலாயாத் தமிழரின் உடலைப் பற்றி அதுவரை எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி மலேரியாவையும் கொக்கிப்புழுவையும் ரத்தசோகையையும் பற்றியது. தொழிலாளி காய்ச்சலில் விழுந்தால் மறுநாள் காலை ஆள்கணக்கெடுப்பான பிரட்டில் ஆள் குறையும். ஆகவே காய்ச்சலைத் தோட்ட நிர்வாகம் கவனித்தது. நாற்பத்தைந்து வயதில் திடீரென நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவரின் சாவைக் கவனிக்க அத்தகைய காரணம் எதுவும் நிர்வாகத்துக்கு இருக்கவில்லை. அந்தச் சாவை அறிவியலின் பார்வைக்குக் கொண்டுவந்ததில் தனராஜின் கட்டுரைக்கு முதன்மையான இடம் உண்டு.

அதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். பிணப்பரிசோதனை மேசைக்கு வரும் உடல்கள் ஒரு சமூகத்தின் சரியான மாதிரி ஆகா. மருத்துவமனையில் இறந்தவர்களும், சாவுக்குக் காரணம் தெரியாதவர்களும், பல வேளைகளில் உரிமை கோர உறவில்லாதவர்களும் அங்கு கூடுதலாக இருப்பார்கள். அன்றைய சிங்கப்பூர் துறைமுக நகரம். அங்கிருந்த இந்தியர்களுள் குமாஸ்தா, வணிகர், துறைமுகக் கூலி, நகராட்சித் தொழிலாளி எனப் பல தரப்பினர் உண்டு. நெகிரி செம்பிலானில் விடியுமுன் எழுந்து பால்வெட்டப் போன ஆணும் பெண்ணும் அந்தப் பதிவேட்டில் இடம்பெறவில்லை. ஆனால் முடிவு 'இந்தியர்' என்ற பெயரில் வெளிவந்ததால், அவர்களுக்கும் சேர்த்தே அது சொல்லப்பட்டதாகப் படிக்கப்பட்டது.

இதே 1959இல் வெளிவந்த, டில்லியில் நடந்த இன்னோர் ஆய்வை இதனருகே வைத்துப் பார்க்கலாம். சிவராமகிருஷ்ண பத்மாவதி பர்மாவில் பிறந்து, ரங்கூனில் மருத்துவம் பயின்று, 1942இல் போருக்குத் தப்பிக் கோயம்புத்தூர் வந்து சேர்ந்தவர். பின்னர் ஹெலன் டௌசிக், பால் டட்லி வைட் ஆகியோரிடம் பயிற்சி பெற்று, டில்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் இதயப் பிரிவை உருவாக்கினார். நாட்பட்ட நுரையீரல் நோயால் இதயத்தின் வலப்புறம் தளர்ந்த 127 பேரை அவர் ஆராய்ந்தபோது, புகைபிடிக்காத பெண்கள் ஆண்களுக்கு நிகராக அந்நோயால் வருந்துவதைக் கண்டார். அவர் பார்வை அந்தப் பெண்களின் இனத்திலோ சாதியிலோ நிற்கவில்லை. அவர்கள் மூச்சுவிட்ட அடுப்பங்கரைப் புகைக்குச் சென்றது. விறகடுப்புப் புகையை உலகப் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாகப் பேசும் இன்றைய எழுத்துகளுக்கு அந்தக் கட்டுரை முன்னோடி. தனராஜின் ஆய்வு யார் என்று காட்டியது. பத்மாவதியின் ஆய்வு எந்த வீட்டில், எந்த வேலையில் என்றும் காட்டியது. தனராஜுக்குப் பின் வந்தவர்கள் இந்த இரண்டாம் கேள்வியை அதே அழுத்தத்தோடு கேட்கவில்லை என்பதே என் குறை.

பரம்பரைதான் காரணம் என்போர் உண்டு. தென்னாப்பிரிக்கா, டிரினிடாட், பிஜி, சிங்கப்பூர், இங்கிலாந்து எனத் தெற்காசியர் குடிபெயர்ந்த இடங்களிலெல்லாம் இதயத் தமனி நோய் மிகுந்திருப்பதை மக்கீக்கும் அவர் தோழர்களும் 1989இல் தொகுத்துக் காட்டினர். வயிற்றுப் பகுதிக் கொழுப்பையும் இன்சுலினுக்கு உடல் இணங்காமையையும் காரணமாக முன்வைத்தனர். உடலமைப்பின் பங்கை நான் மறுக்கவில்லை. ஆனால் 1995இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு, மேற்கு லண்டனில் வாழ்ந்த தெற்காசியரை ஊரிலேயே தங்கிவிட்ட அவர்களின் உடன்பிறப்புகளோடு ஒப்பிட்டது. லண்டன்வாசிகளிடமே கொலஸ்ட்ரால் கூடுதலாக இருந்தது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்குள் இந்த வேறுபாடு என்றால், வாழும் இடமும் வேலையும் உணவும் தம் கணக்கைத் தனியே எழுதுகின்றன என்றுதான் பொருள்.

தோட்டத் தமிழரைப் பொறுத்தவரை இந்தக் கணக்கு மிகவும் கனமானது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாயின. தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களை விட்டவர்கள் தாமான் எனும் குடியிருப்புகளுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் போனார்கள். நாளெல்லாம் நடந்து உழைத்த உடல், தொழிற்சாலையில் ஷிப்டு முறைக்கும் காவலர் வேலையின் நாற்காலிக்கும் மாறியது. சோறும் சீனி போட்ட தேநீரும் மாறவில்லை. குறைகள் எத்தனை இருந்தாலும், தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெஸ்ஸர் ஒவ்வொரு குடும்பத்தையும் பெயர் சொல்லி அறிந்திருந்தார். தோட்டம் கலைந்தபோது அந்த அறிமுகமும் கலைந்தது. நகரத்துக் கிளினிக்கில் அவர்கள் ஓர் எண்ணும் ஓர் இனப் பெயருமாக ஆனார்கள்.

மலேசியாவில் 2006இல் தொடங்கிய தேசிய இதயநோய்ப் பதிவேட்டில், மாரடைப்பு போன்ற திடீர் இதயத் தாக்குதலுக்கு உள்ளானவர்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இந்தியர். மக்கள்தொகையிலோ நாம் நூற்றுக்கு ஏழு பேர் அளவில் இருக்கிறோம். 2019 தேசிய உடல்நல ஆய்வின்படி, வயதுவந்த இந்தியருள் நூற்றுக்கு 31 பேருக்கு இனிப்பு நீர் இருந்தது. தனராஜ் கண்ட ஏற்றத்தாழ்வு அறுபது ஆண்டுகள் கழித்தும் தீரவில்லை. இந்த எண்களை இன்னொரு முறை இனவாரியாக அச்சிடுவதால் ரந்தா, கோலா சாவா போன்ற தோட்டப் பகுதிகளில் ஒருவருக்கும் பயனில்லை.

சிரம்பானில் துவாங்கு ஜாபார் மருத்துவமனை இருக்கிறது. அதே நகரில் அனைத்துலக மருத்துவப் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் பயிற்சி பெறுகிறார்கள். மார்பு வலியோடு வருபவரிடம் இனத்தைக் குறிக்கும் கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று கேள்விகளை அவர்கள் எழுதிக்கொள்ளட்டும்: எந்தத் தோட்டத்தில் வளர்ந்தீர்கள், அங்கிருந்து எப்போது வெளியேறினீர்கள், இப்போது என்ன வேலை செய்கிறீர்கள். தனராஜின் பெயரைத் தாங்கிய நூலகத்தில் படித்து வெளிவரும் தமிழ் மருத்துவர்கள் இந்தப் பதிவைத் தொடங்கி, அதன் முடிவுகளைத் தமிழிலும் எழுத வேண்டும்.