நாமக்கல் டு மேத்ஸ் ஒலிம்பியாட்: ஒரு டீமா கிளம்புறது எப்படி?

நாமக்கல்னு சொன்னதும் வெளியூர்க்காரங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? முட்டை, லாரி, ஆஞ்சநேயர், அப்புறம் ஹாஸ்டல் ஸ்கூல். மார்க் வாங்க வைக்கிற ஊர்னு தமிழ்நாடு முழுக்கப் பேர். கணக்குல நூத்துக்கு நூறு வாங்கினவங்க இங்கே தெருவுக்கு நாலு பேர் இருப்பாங்க.

ஆனா, அந்த நூறு மார்க் பசங்ககிட்ட "ஐ.ஓ.க்யூ.எம். எழுதியிருக்கீங்களா?" என்று கேட்டுப் பாருங்க. "அப்படின்னா?" என்ற பதில்தான் பல இடங்களில் வரும். உலகத்திலேயே பெரிய பள்ளிக் கணிதப் போட்டிக்குப் போகிற பாதை அந்தத் தேர்வில்தான் ஆரம்பிக்குது. 12-ம் வகுப்பு முடிந்துவிட்டால் கதவு மூடிவிடும். அதனால 8, 9, 10-ம் வகுப்பில் இருக்கிறீர்களா, அல்லது உங்கள் தம்பி, தங்கச்சி இருக்காங்களா... இது உங்களுக்குத்தான்.

நாமக்கல்லுக்கும் கணக்குக்கும் பழைய சொந்தம்

கணித மேதை ராமானுஜன் 1887 டிசம்பர் 22-ல் பிறந்தது பக்கத்து ஈரோட்டில். வளர்ந்தது கும்பகோணம். அவர் குடும்பத்தின் குலதெய்வம் நாமக்கல் நாமகிரித் தாயார். கேம்பிரிட்ஜிலிருந்து அழைப்பு வந்தபோது, கடல் தாண்டிப் போகலாமா என்று அவருக்குப் பெரிய தயக்கம். 1913-ம் ஆண்டின் இறுதியில் அவர் நாமக்கல் வந்து, கோயிலில் மூன்று இரவுகள் தங்கி, அதன் பிறகே மனசு மாறினார் என்று வாழ்க்கை வரலாறுகள் சொல்லுது. தாயார் அவருடைய அம்மா கனவில் வந்து உத்தரவு கொடுத்தார் என்றும் ஒரு கதை உண்டு. 1914 மார்ச் 17-ல் சென்னையில் கப்பல் ஏறினார்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கு. நாமக்கல்லுக்கு ராமானுஜன் தனியா வரலை. கூட வந்தவர் நாராயண ஐயர். சென்னை துறைமுகத்தில் அவருடைய மேலதிகாரி, அவரும் கணிதக்காரர். சாயங்காலமானால் ரெண்டு பேரும் சிலேட்டை வைத்துக்கொண்டு கணக்குப் போட உட்கார்ந்துவிடுவார்களாம். ராமானுஜனுக்கே கூட உட்கார்ந்து கணக்குப் போட ஒரு ஆள் தேவைப்பட்டது. நமக்கு வேண்டாமா?

பாதையில் எத்தனை படி?

சர்வதேச கணித ஒலிம்பியாட், சுருக்கமா ஐ.எம்.ஓ., 1959-ல் ருமேனியாவில் ஏழு நாடுகளோடு ஆரம்பித்தது. இந்தியா 1989-லிருந்து போய்க்கொண்டிருக்கிறது. 1996-ல் மும்பையிலேயே நடந்தது. 2024-ல் இங்கிலாந்தின் பாத் நகரில் இந்திய அணி நாலு தங்கத்தோடு 4-வது இடம். 2025-ல் ஆஸ்திரேலியாவில் மூணு தங்கத்தோடு 7-வது இடம். ஒரு நாட்டிலிருந்து அதிகபட்சம் 6 பேர்தான் போக முடியும். அந்த ஆறில் ஒருவராக, வரிசையா இந்தப் படிகளை ஏறணும்.

1. ஐ.ஓ.க்யூ.எம்.: இந்திய கணித ஆசிரியர் சங்கம் நடத்துகிற முதல் தேர்வு. 8 முதல் 12-ம் வகுப்பு வரை எழுதலாம். பிறந்த தேதி வரம்பும் உண்டு. மூணு மணி நேரம், 30 கேள்விகள், 100 மார்க். ஒவ்வொரு விடையும் 00 முதல் 99 வரையிலான ஒரு முழு எண். நெகட்டிவ் மார்க் கிடையாது. வழக்கமாக ஆகஸ்ட் கடைசி அல்லது செப்டம்பரில், ஞாயிற்றுக்கிழமை நடக்கும்.

2. ஆர்.எம்.ஓ.: மண்டல அளவு. தமிழ்நாடு ஒரு மண்டலம். மூணு மணி நேரத்தில் 6 கணக்கு. விடை மட்டும் போதாது, ஏன் அதுதான் விடை என்று நிரூபித்து எழுதணும். அக்டோபர், நவம்பர் வாக்கில் வரும்.

3. ஐ.என்.எம்.ஓ.: தேசிய அளவு, ஜனவரியில். நாலரை மணி நேரம், 6 கணக்கு.

4. பயிற்சி முகாம்: தேசிய அளவில் தேறியவர்களுக்கு ஏப்ரல், மே வாக்கில். அங்கே நடக்கிற தேர்வுகளில்தான் ஆறு பேர் முடிவாவாங்க.

5. ஐ.எம்.ஓ.: ஜூலையில்.

மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம்தான் இந்த ஒலிம்பியாட் திட்டத்தின் தேசிய மையம். பழைய கேள்வித்தாள்கள் அதன் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்குது. மாணவிகளுக்கு இன்னொரு வாசலும் இருக்கு. 2012-ல் கேம்பிரிட்ஜில் ஆரம்பித்த ஐரோப்பிய பெண்கள் கணித ஒலிம்பியாடுக்கு இந்தியாவும் நாலு பேர் கொண்ட அணியை அனுப்புகிறது.

பேரைப் பார்த்து ஏமாறாதீங்க

பள்ளிகளில் 'ஒலிம்பியாட்' என்ற பேரில் தனியார் நடத்துகிற தேர்வுகள் நிறைய. மெடல், சர்டிஃபிகேட் எல்லாம் கொடுப்பாங்க. பயிற்சிக்கு எழுதலாம், தப்பில்லை. ஆனா, அதில் எவ்வளவு பெரிய ரேங்க் வாங்கினாலும் ஐ.எம்.ஓ. பாதையில் ஒரு படிகூட ஏற முடியாது. பணம் கட்டும் முன்னாடி "இது ஐ.ஓ.க்யூ.எம்-மா?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்க.

பக்கத்திலேயே ஆரம்பிக்கணும் என்றால் இன்னொரு நல்ல தேர்வு இருக்கு. சென்னையைச் சேர்ந்த ஏ.எம்.டி.ஐ. என்ற கணித ஆசிரியர் அமைப்பு 1965-லிருந்து இயங்குது. ஐந்தாம் வகுப்பிலிருந்தே எழுதக்கூடிய என்.எம்.டி.சி. என்ற திறனறிப் போட்டியை அவங்க நடத்துறாங்க. பள்ளி மூலமா பதிவு செய்யலாம். முதல் வெள்ளோட்டத்துக்கு அருமையான இடம்.

ஒரு முட்டைக் கணக்கு

கேள்விகள் எப்படி இருக்கும்? நம்ம ஊர்ச் சரக்கை வைத்தே ஒரு சாம்பிள்.

உங்களிடம் நூறுக்கும் குறைவான முட்டைகள் இருக்கு. நாலு நாலா அடுக்கினால் 3 மீதம். அஞ்சு அஞ்சா அடுக்கினால் 4 மீதம். ஆறு ஆறா அடுக்கினால் 5 மீதம். மொத்தம் எத்தனை முட்டை?

ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்த்தால் நேரம்தான் போகும். இப்படி யோசிங்க. கடையிலிருந்து ஒரே ஒரு முட்டை கடன் வாங்கிச் சேர்த்தால்? நாலு, அஞ்சு, ஆறு மூணிலும் மீதமே வராது. மூணாலும் வகுபடுகிற சின்ன எண் 60. அடுத்தது 120, அது நூறைத் தாண்டிடுச்சு. ஆக 60. கடன் வாங்கின முட்டையைத் திருப்பிக் கொடுத்துடுங்க. விடை 59.

இதில் பாடப்புத்தகத்தில் இல்லாத ஃபார்முலா எதுவும் இல்லை. மீ.சி.ம. தெரிந்தால் போதும். கஷ்டம் எல்லாம் அந்த ஒரு முட்டையைக் கடன் வாங்கத் தோன்றுவதில்தான்.

ரயில் பெட்டியில் ஆறு பேர்

அடுத்த கட்டத்துக்கு ஒரு சாம்பிள். சேலம் போகிற ரயிலில் ஒரு பெட்டியில் யாரோ ஆறு பேர். அவங்களில் ஒருத்தருக்கொருத்தர் தெரிஞ்ச மூணு பேர் இருந்தே தீரணும், அல்லது ஒருத்தருக்கொருத்தர் தெரியாத மூணு பேர் இருந்தே தீரணும். நிரூபிங்க பார்க்கலாம்.

ஜன்னலோர சீட்டில் இருப்பவரை எடுத்துக்குங்க. மிச்சம் ஐந்து பேரை 'அவருக்குத் தெரிஞ்சவங்க', 'தெரியாதவங்க' என்று ரெண்டாப் பிரிங்க. ஏதாவது ஒரு பக்கம் குறைந்தது மூணு பேர் இருப்பாங்க. தெரிஞ்சவங்க பக்கம் மூணு பேர் என்று வைப்போம். அந்த மூவரில் யாராவது ரெண்டு பேருக்குள் பழக்கம் இருந்தால், ஜன்னல்காரரோடு சேர்த்துத் தெரிஞ்ச மூணு பேர் கிடைச்சாச்சு. யாருக்குமே பழக்கம் இல்லையென்றால், அந்த மூணு பேரே தெரியாத மூணு பேர். மறுபக்கம் மூணு பேர் இருந்தாலும் இதே வாதம்தான். முடிஞ்சுது!

ஆறுக்குப் பதில் ஐந்து பேர் என்றால் இது உண்மையாகாது. வட்டமா உட்கார்ந்து, ஒவ்வொருத்தருக்கும் பக்கத்தில் இருக்கிற ரெண்டு பேரை மட்டும் தெரியும் என்று வரைந்து பாருங்க, புரியும்.

மேலே எழுதியதில் எண்களே அதிகம் இல்லை என்பதைக் கவனிச்சீங்களா? ஆர்.எம்.ஓ. கேட்பது இந்த மாதிரி வாதங்களைத்தான். எண்ணியல், இயற்கணிதம், வடிவியல், சேர்மானக் கணிதம்... இந்த நாலும்தான் பாடம். கால்குலஸ் தேவையில்லை. அதனால் ஒன்பதாம் வகுப்பு மாணவர் பன்னிரண்டாம் வகுப்பு அண்ணனை முந்துவது இங்கே சகஜம்.

டீம் எதுக்கு? எப்படி?

இந்தத் தேர்வுகள் எல்லாமே தனித்தனியாக எழுதுவது. ஐ.எம்.ஓ-விலும் மெடல் தனி ஆளுக்குத்தான். அமெரிக்காவில் ஏ.ஆர்.எம்.எல். என்ற போட்டிக்கு 15 பேர் ஒரு டீமாகப் போய், ஒருத்தர் விடையை அடுத்தவர் வாங்கித் தன் கணக்கைப் போடுகிற ரிலே சுற்றெல்லாம் உண்டு. நம்ம பாதையில் அப்படி எதுவும் இல்லை.

அப்புறம் டீம் எதுக்கு? தனியாகப் படிக்கிறவர் ஒரே கணக்கில் ரெண்டு நாள் மாட்டிக்கொண்டால், "நமக்கு இது வராது" என்று நோட்டை மூடிவிடுவார். நாலு பேர் இருந்தால் யாராவது ஒருத்தருக்கு அந்த 'ஒரு முட்டை' தோணும். அதோடு, நிரூபணம் சரியா என்று சொல்ல இன்னொரு கண் வேணும். உங்களுக்கே புரிந்தால் போதாது, திருத்துகிறவருக்குப் புரியணும்.

நாலிலிருந்து ஆறு பேர் போதும். வகுப்பு கலந்து இருக்கட்டும். வாரத்துக்கு ஒரு நாள், ரெண்டு மணி நேரம், நாலே நாலு கணக்கு. முதல் ஒரு மணி நேரம் யாரும் பேசக் கூடாது. அடுத்த ஒரு மணி நேரம் ஒவ்வொருத்தரா போர்டில் விளக்கணும், மத்தவங்க "ஏன்?" என்று குடையணும். விடையை யூடியூபில் தேடுவது கடைசியில்தான்.

புத்தகம் என்றால், வி.கிருஷ்ணமூர்த்தி, சி.ஆர்.பிரணேசாச்சார், கே.என்.ரங்கநாதன், பி.ஜே.வெங்கடாசலா சேர்ந்து எழுதிய 'சேலஞ்ச் அண்ட் த்ரில் ஆஃப் ப்ரீ-காலேஜ் மேத்தமேட்டிக்ஸ்' ஒன்று டீமுக்கு வாங்கினாலே ஒரு வருஷம் ஓடும். ஆங்கிலப் புத்தகம்தான். தமிழ் மீடியம் என்றால் ஆங்கிலக் கணிதச் சொற்களுக்கு ஒரு தனி நோட்டு போட்டுக்கொள்ளுங்கள். அந்தச் சொற்கள் கொஞ்சம்தான், சீக்கிரம் பழகிடும்.

கணக்கு சார், மிஸ் ஒருத்தரையாவது கூட்டணியில் சேர்த்துக்குங்க. எல்லாக் கணக்கும் அவங்களுக்குத் தெரியணும்னு இல்லை. வகுப்பறைச் சாவி, பதிவு வேலை, அப்பா அம்மாவிடம் பேசுவது... இதுக்கெல்லாம் அவங்கதான் வேணும்.

தேர்வுக்குப் போற நாள்

பதிவு செய்யும்போதே தேர்வு மைய ஊரைத் தேர்வு செய்யணும். மையப் பட்டியலை முதலில் பாருங்க. நாமக்கல்லிலிருந்து சேலமும் ஈரோடும் சுமார் 50, 60 கிலோமீட்டர். விடியக்காலை பஸ் பிடித்தால் போதும். 2013-ல் சேலம் - கரூர் பாதை திறந்ததிலிருந்து ரயிலும் இருக்கு. சென்னை மாதிரி தூரம் என்றால் முந்தின நாளே போய்த் தூங்கி எழுந்திரிங்க. ராத்திரி பஸ்ஸில் கண் விழித்துட்டுப் போய் மூணு மணி நேரம் யோசிக்க முடியாது.

- எல்லாரும் ஒரே மையம் கேளுங்க. ஒரு வேன், ஒரு ஆசிரியர், செலவும் பங்கு.
- ஹாஸ்டலில் இருக்கிறவங்க அவுட்பாஸை ஒரு வாரம் முன்னாடியே வாங்குங்க. வார்டனுக்கு ஹால் டிக்கெட் நகல் கொடுங்க.
- ஹால் டிக்கெட், போட்டோ அடையாள அட்டை, பேனா, தண்ணி. கால்குலேட்டர் கிடையாது, போன் உள்ளே போகாது.
- போகும் வழியில் புதுக் கணக்கு போடாதீங்க. வரும் வழியில் எவ்வளவு வேணா சண்டை போடுங்க. அந்தச் சண்டையில்தான் பாதி கணக்கு புரியும்.

மேலே போனா எப்படி இருக்கும்?

ஐ.எம்.ஓ-வில் ரெண்டு நாள் தேர்வு. ஒரு நாளைக்கு 3 கணக்கு, நாலரை மணி நேரம். கணக்குக்கு 7 மார்க், மொத்தம் 42. கேள்வித்தாளைத் தங்கள் மொழியில் வாங்கி, தங்கள் மொழியிலேயே பதில் எழுதலாம். அணித் தலைவரான பேராசிரியர் முன்கூட்டியே போய் கேள்விகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் உட்காருவார். அதனால் தேர்வு முடியும் வரை அவர் மாணவர்களோடு பேசவே கூடாது. துணைத் தலைவர்தான் பசங்களோடு போவார். எழுதுகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மெடல். தங்கம், வெள்ளி, வெண்கலம் கிட்டத்தட்ட 1:2:3 என்ற விகிதம்.

முதல் படியிலேயே நின்னுட்டா?

பெரும்பாலானவங்க அங்கேதான் நிப்பாங்க. அதை மறைக்க வேண்டியதில்லை. வீட்டில் "நீட், ஜே.இ.இ. இருக்கும்போது இது எதுக்கு?" என்று கேட்பாங்க. நியாயமான கேள்வி. 8, 9-ம் வகுப்பில் ஆரம்பித்தால் பொதுத்தேர்வு வருஷத்தோடு மோதல் குறையும். அதிலும் 9-ம் வகுப்பு ரொம்பத் தோதான வருஷம்.

பலனும் இருக்கு. ஐ.என்.எம்.ஓ-வில் தேறியவர்களுக்கு சென்னை கணிதவியல் கழகம், இந்தியப் புள்ளியியல் நிறுவனம் போன்ற இடங்களின் சேர்க்கையில் சலுகை உண்டு. சென்னை ஐ.ஐ.டி-யும் அறிவியல் ஒலிம்பியாட் மாணவர்களுக்காகத் தனிச் சேர்க்கை வழியை 2025-ல் அறிவித்தது. விதிகள் வருஷத்துக்கு வருஷம் மாறலாம், அந்தந்த நிறுவன அறிவிப்பைப் பாருங்க.

முதல் படியோடு நின்னவங்களுக்கும் ஒரு வருஷம் ஆறு பேர் சேர்ந்து யோசித்த பழக்கம் மிச்சம். தெரியாத கணக்கு வந்தால் பதறாமல் அரை மணி நேரம் அதோடு உட்காரத் தெரியும். பின்னால் எந்தத் தேர்வு ஹாலில் உட்கார்ந்தாலும் அது கூடவே வரும்.

இப்போதைக்கு மூணே வேலை. போன் காலண்டரில் ஜூன் முதல் வாரத்தில் 'ஐ.ஓ.க்யூ.எம். பதிவு' என்று ஒரு அலாரம் வைங்க, அறிவிப்பு வந்துடுச்சா என்று பார்க்க. ஒரு பழைய கேள்வித்தாளை டவுன்லோடு பண்ணுங்க. அப்புறம், அந்த முட்டைக் கணக்கை வகுப்பில் நாலு பேரிடம் கேளுங்க. விடை சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி... "ஒரு நிமிஷம் இரு, யோசிக்கிறேன்"னு யார் சொல்றாங்களோ, அவங்களை டீமில் சேர்த்துக்குங்க.