மாமைற் போத்தலும் மூன்று இரத்த நோய்களும்

மாமைற்றை எங்கட பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. காய்ச்சல் மாறி எழும்பின கையோட சுடுதண்ணியில் ஒரு கரண்டி கலக்கித் தருவினம். பாணில் பூசியும் சாப்பிடுவம். பியர் வடித்த பிறகு மிஞ்சுகிற நொதியத்திலிருந்து எடுக்கிற சாறு அது. சிலருக்கு அந்த மணமே ஆகாது. ஆனால் இரத்த நோய்களுக்கான வைத்தியத்தின் வரலாற்றில் இந்தக் கறுப்புப் பசைக்கு ஒரு பெரிய இடம் இருக்கு.

கதை பம்பாயில் தொடங்குது. 1928 இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் வைத்தியர் அங்கே போனார். பஞ்சாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் பலருக்குக் கர்ப்ப காலத்தில் கடும் இரத்தசோகை வந்தது. உயிர்களும் போயின. இரத்தத்தில் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் பூசி நுணுக்குக்காட்டியில் பார்த்தால், செங்குழியங்கள் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் அளவில் வழமையைவிடப் பெரிசு. இரும்புச்சத்துக் குறைவென்றால் குழியம் சிறுத்துப்போகும். அப்ப இது வேறு ஏதோ.

வில்ஸ் அந்தப் பெண்களின் சாப்பாட்டுக் கோப்பைக்குள் பார்த்தார். அவர்கள் சாப்பிட்டதைப் போன்ற உணவையே குரங்குகளுக்குக் கொடுக்க, அவற்றுக்கும் இரத்தசோகை வந்தது. மாமைற் கொடுக்க மாறியது. பிறகு அதே மாமைற் கர்ப்பிணிகளையும் தேற்றியது. ஈரல் சாறும் வேலை செய்யும், ஆனால் விலை கூட, மாமைற் மலிவு. 1931 இல் இதை வெளியிட்டார். இந்த ஆய்வின் ஒரு பகுதி 1929 இல் குன்னூரின் பாஸ்டர் நிறுவனத்தில் நடந்தது. மாமைற்றுக்குள் இருந்த பொருள் என்னவென்று மட்டும் அவருக்குத் தெரியாது. கொஞ்சக் காலம் அதை ‘வில்ஸ் காரணி’ என்றே சொன்னார்கள்.

அதற்குள் மாமைற் இலங்கையிலும் ஒரு பெரிய சாவுக்கு நடுவில் வந்து நின்றது. 1934 இல் தென்மேல் பருவமழை பொய்த்தது. வேகமாக ஓடுகிற மகா ஓயா, தெதுறு ஓயா எல்லாம் வற்றி, மணலில் குட்டை குட்டையாகத் தண்ணி நின்றது. மலேரியா பரப்பும் அனோபிலிஸ் நுளம்புக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. வறண்ட பகுதிச் சனத்துக்கு மலேரியா வருசா வருசம் வந்து போகிற நோய். வயிற்றில் காய்ச்சற்கட்டி, அதாவது வீங்கின மண்ணீரல் இருக்கும், ஆனால் உடம்பு ஓரளவு பழகியிருக்கும். கேகாலை, குருநாகல் பக்கத்து ஈரமான ஊர்களில் பலருக்கு அந்தப் பழக்கம் இல்லை. சில மாதங்களுக்குள் சுமார் 80,000 பேர் செத்தார்கள். அப்போது நாட்டின் மொத்த சனத்தொகையே ஏறக்குறைய 55 இலட்சம்தான்.

அரசாங்கம் கொயினா கொடுத்தது. கொயினா இரத்தத்திலிருக்கிற ஒட்டுண்ணியைக் கொல்லும், ஆனால் அது வெடிக்கவைத்த செங்குழியங்களைத் திருப்பித் தராது. பட்டினி கிடக்கிற உடம்பு புது இரத்தத்தை எதைக்கொண்டு செய்யும்? சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் ஊர் ஊராகப் போனபோது, அவர்களோடு இருந்த வைத்தியர் எஸ்.ஏ. விக்கிரமசிங்க மாமைற்றை உருண்டையாக்கிக் கொடுக்க வைத்தார். அந்த இளைஞர்களில் ஒருவர் என்.எம். பெரேரா. 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்ததும், அடுத்த வருசமே அவர் ருவன்வெலவில் வென்றதும் இந்தக் காய்ச்சற்காலத்தின் தொடர்ச்சிதான் என்பது என் எண்ணம். வீட்டு வாசலுக்கு மருந்தோட வந்தவனைச் சனம் மறக்காது.

மாமைற்றுக்குள் இருந்த பொருளுக்கு 1941 இல் பெயர் கிடைத்தது: ஃபோலிக் அமிலம். டன் கணக்கான கீரையிலிருந்து பிரித்தெடுத்ததால், இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லை வைத்தார்கள். 1945 இல் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுகூடம் அதைச் செயற்கையாகச் செய்தது. அங்கே தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ், ஆந்திராக்காரர். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் உடுத்தியதால் பேராசிரியர் ஒருவரின் கோபத்துக்கு ஆளாகி, குறைந்த தரப் பட்டத்தோட வெளியேறியவர்.

இங்கேதான் கதை திரும்புது. பொஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற வைத்தியர், லியூக்கேமியா வந்த குழந்தைகளுக்கு ஃபோலிக் அமிலக் கலவைகளைக் கொடுத்துப் பார்த்தார். நோய் இன்னும் வேகமாக ஓடியதுபோல இருந்தது. இரத்தம் ஊற உதவுகிற பொருள், கட்டுப்பாடில்லாமல் பெருகுகிற வெண்குழியங்களுக்கும் தீனி. அப்ப தீனியை நிறுத்தினால்? ஃபோலிக் அமிலம் மாதிரியே இருந்து குழியத்தை ஏமாற்றுகிற அமினொப்டெரினை சுப்பாராவின் குழு செய்து கொடுத்தது. 1948 ஜூனில் ஃபார்பர் 16 குழந்தைகளைப் பற்றி எழுதினார். 10 பேரிடம் முன்னேற்றம். அது சில மாதங்களுக்குத்தான். நோய் திரும்பி வந்தது. ஆனாலும் அதுவரை இந்த நோய்க்கு வைத்தியர் செய்யக்கூடியது அநேகமாக ஒன்றுமே இருக்கவில்லை. அந்த ஓகஸ்ட்டிலேயே சுப்பாராவ் இறந்துபோனார்.

பிறகு அதே தந்திரம் மலேரியாவுக்கும் வந்தது. பைரிமெத்தமின் என்ற மருந்து ஒட்டுண்ணியின் ஃபோலிக் அமிலப் பாதையை அடைக்கும். குளோரோகுயினுக்கு அசையாத மலேரியாவுக்கு, சல்ஃபடொக்சினோடு சேர்த்து, இலங்கையிலும் அதைக் கொடுத்தார்கள். 2012 ஒக்டோபருக்குப் பிறகு உள்ளூரில் தொற்றிய மலேரியா இல்லாமல் போய், 2016 இல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழும் தந்தது.

அமினொப்டெரினின் தம்பி மெத்தோட்ரெக்சேற் இன்றைக்கும் குழந்தைகளின் லியூக்கேமியா வைத்தியத்தில் இருக்கு. அதைப் பெரிய அளவில் ஏற்றினால், நல்ல குழியங்கள் சாகாமல் இருக்க, மணிக்கணக்குப் பார்த்து ஃபோலினிக் அமிலம் கொடுப்பினம். ஃபோலிக் அமிலத்தின் இன்னொரு வடிவம்தான் அது.